வளர்ந்த பிள்ளைகளுடன் ஐந்து இரவு மலேசியா: குறைந்த செலவில் திட்டமிடுவோருக்கு ஒரு வழிகாட்டி

மகள் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். மகன் கோயம்புத்தூரில் இறுதியாண்டு படிக்கிறான். அவர்கள் திருமணம், மேற்படிப்பு என்று ஆளுக்கொரு திசையில் போவதற்குள் நால்வரும் சேர்ந்து ஒருமுறை வெளிநாடு போய்வர வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. சென்ற ஆண்டு அது நிறைவேறியது. ஆனால் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசை தெரியாமல் நாங்கள் பட்ட அலைச்சலும் அதனால் வீணாகிய பணமும் கொஞ்சமல்ல. முதல் முறையாகப் போகும் குடும்பங்களுக்காவது அது மிச்சமாகட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும்போது போவதற்கும் வளர்ந்த பின் போவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. விமானத்தில், விடுதியில், ரயிலில், நுழைவுச்சீட்டில் என எல்லா இடத்திலும் நான்கு முழுக் கட்டணம் விழும். நால்வருக்கும் தனித்தனி விடுப்பு வேண்டும், தனித்தனி ஆவணங்கள் வேண்டும். ஆகவே, செலவு குறைவதும் கூடுவதும் பெரும்பாலும் ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே முடிவாகிவிடுகிறது. மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்.

1. டிக்கெட்டைத் தொடும் முன் நான்கு பாஸ்போர்ட்டையும் மேசையில் விரித்து வையுங்கள்

நாங்கள் செய்த முதல் தவறு இதில்தான். தள்ளுபடி விலையைப் பார்த்ததும் டிக்கெட் எடுத்துவிட்டோம். பிறகு பீரோவைத் திறந்து பார்த்தபோதுதான் மகனுடைய பாஸ்போர்ட் காலாவதியாகி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தது தெரிந்தது. அவன் ஏழாம் வகுப்பில் இருந்தபோது எடுத்தது அது. பெரியவர்களுக்குப் பத்து ஆண்டு செல்லும் பாஸ்போர்ட், சிறுவர்களுக்கு ஐந்து ஆண்டுதான் செல்லும் என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை. பள்ளிப் பருவத்தில் பாஸ்போர்ட் எடுத்த பிள்ளைகள் உள்ள எல்லா வீட்டிலும் இந்தப் பொறி காத்திருக்கிறது. காலாவதியாகாமல் இருந்தால் மட்டும் போதாது. மலேசியாவில் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் கட்டணம் 1,500 ரூபாய். தட்கால் என்றால் கூடுதலாக 2,000 ரூபாய். முன்கூட்டியே பார்த்திருந்தால் அந்த 2,000 எங்களுக்கு மிஞ்சியிருக்கும். பாஸ்போர்ட் சேவா தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். இடைத்தரகர் தேவையே இல்லை. ஆதார், பான், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் ஆகியவற்றில் பெயரும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு முகவரியால் சிக்கல் வரும். சொந்த ஊர் முகவரியைக் கொடுத்துவிட்டு அவர்கள் பெங்களூரிலேயே இருந்தால், விசாரணைக்கு வரும் காவலர் 'இந்த முகவரியில் வசிக்கவில்லை' என்று எழுதிவிடக்கூடும். உண்மையில் எங்கே வசிக்கிறார்களோ அந்த முகவரியையே கொடுத்து, விசாரணை நடக்கும் நாட்களில் அங்கேயே இருக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் யாருடைய பாஸ்போர்ட்டிலாவது ஈசிஆர் முத்திரை (சில நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி தேவை என்னும் குறிப்பு) இருந்தால் பயப்பட வேண்டாம். அந்த நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் உண்டு என்றாலும் கட்டுப்பாடு வேலைக்குப் போவோருக்குத்தான். சுற்றுலா செல்வோர் திரும்பி வரும் டிக்கெட்டைக் காட்டிப் போகலாம். பத்தாம் வகுப்பு தேறியவர்களும் 50 வயதைத் தாண்டியவர்களும் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது அந்த முத்திரையை நீக்கிக்கொள்வது நல்லது.

2. பெயர்க் கட்டத்தை நிதானமாகப் படியுங்கள்

தமிழர்களுக்கென்றே அமைந்த சிக்கல் இது. பாஸ்போர்ட்டில் பெயருக்கு இரண்டு வரிகள் உண்டு: ஒன்று குடும்பப்பெயர், மற்றொன்று இட்ட பெயர். நமக்குக் குடும்பப்பெயர் வழக்கம் இல்லாததால் ஒரே வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக அச்சாகியிருக்கும். எங்கள் வீட்டில் மனைவிக்குக் குடும்பப்பெயர் வரியில் என் பெயர் இருக்கிறது. மகளுக்கு அவள் பெயரை ஒட்டி இட்ட பெயர் வரியிலேயே என் பெயர் இருக்கிறது. மகனுக்குக் குடும்பப்பெயர் வரியே வெறுமையாக இருக்கிறது.

விமான நிறுவனத்தின் தளத்திலோ இரண்டு கட்டங்களையும் நிரப்பாமல் நகர முடியாது. டிக்கெட் எடுத்துக் கொடுத்த முகவர் மகனுடைய இனிஷியலை மட்டும் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டார். பாஸ்போர்ட்டில் இல்லாத எழுத்து டிக்கெட்டில் இருந்தால் பயணமே நின்றுபோகலாம் என்பதால், அதைத் திருத்த மூன்று நாள் தொலைபேசியில் காத்திருந்து, திருத்தக் கட்டணமும் கட்டினோம். ஒற்றைப் பெயர் உள்ளவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் ஒரு விதி இருக்கிறது. சிலர் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதச் சொல்கிறார்கள். சிலர் வேறு குறியீட்டைத் தருகிறார்கள். பணம் கட்டும் முன் அந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் அதைத் தேடிப் படித்து, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நினைவிலிருந்து பெயரைத் தட்டச்சு செய்யாதீர்கள். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவர் படிக்க மற்றவர் நிரப்புங்கள்.

3. நான்கு நாட்காட்டிகளை ஒன்றாக்குங்கள்

வளர்ந்த பிள்ளைகளிடம் தேதியை அறிவிக்கக் கூடாது, கேட்க வேண்டும். மகளின் அலுவலகத்தில் காலாண்டு முடியும் வாரத்தில் விடுப்பு கிடைக்காது. மகனுக்குச் செமஸ்டர் தேர்வும் வளாக நேர்முகத் தேர்வும் இருந்தன. ஆளுக்கு மூன்று வாரங்களை எழுதித் தரச் சொல்லி, நான்கிலும் பொதுவாக வந்த வாரத்தை எடுத்துக்கொண்டோம். விடுப்புக்கு மின்னஞ்சலில் ஒப்புதல் வந்த பிறகே டிக்கெட் எடுங்கள். வாய்மொழி ஒப்புதலை நம்ப வேண்டாம்.

பெற்றோரில் யாராவது அரசுப் பணியில் இருந்தால் வெளிநாடு செல்ல மேலதிகாரியின் முன்னனுமதி தேவை. விடுப்பு கிடைத்தாலே போதும் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு. கோப்பு மேசைக்கு மேசை நகர வாரக்கணக்கில் ஆகும். இதையே முதல் வாரத்தில் தொடங்கிவிடுங்கள்.

மலேசியாவின் விடுமுறைகளையும் பாருங்கள். தைப்பூசத்தின்போது பத்துமலையில் லட்சக்கணக்கானோர் கூடுவார்கள். தரிசனத்துக்கென்றே போவதானால் வேறு விஷயம், சிக்கனப் பயணத்துக்கு அது ஏற்ற வாரமல்ல. நோன்புப் பெருநாளையும் சீனப் புத்தாண்டையும் ஒட்டிய நாட்களில் பேருந்துகளும் விடுதிகளும் நிரம்பி விலை ஏறிவிடும்.

4. விசா வேண்டாம், ஆனால் படிவம் வேண்டும்

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவில் தங்கலாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பிந்திய தேதியில் போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் நிலவரத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். நால்வருக்கு விசாக் கட்டணம் இல்லை என்பதே நாங்கள் மலேசியாவைத் தேர்ந்ததற்கு முதல் காரணம். திருச்சியிலிருந்து நேரடி விமானம், நான்கு மணி நேரப் பயணம், தமிழ் பேசியே சமாளிக்கக்கூடிய கடைகள் என்பவை அடுத்த காரணங்கள்.

விசா இல்லை என்றாலும் எம்டிஏசி எனப்படும் மின்னணு வருகைப் படிவத்தை ஒவ்வொருவரும் நிரப்பியாக வேண்டும். இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள்தான் நிரப்ப முடியும். கட்டணம் ஏதும் இல்லை. இணையத்தில் தேடினால் முதலில் வரும் சில தளங்கள் அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டி, இந்த இலவசப் படிவத்துக்குப் பணம் கேட்கும். மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் மட்டும் நிரப்புங்கள். நிரப்பியதும் மின்னஞ்சலில் வரும் உறுதிச்சீட்டை ஆளுக்கொரு பிரதி அச்சிட்டுக்கொள்ளுங்கள்.

5. டிக்கெட்: விலையை மட்டும் பார்க்காதீர்கள்

சிக்கன விமானங்களில் முதலில் காட்டும் விலையில் கையில் கொண்டுபோகும் 7 கிலோ மட்டுமே அடங்கும். பெட்டி, உணவு, இருக்கைத் தேர்வு எல்லாம் தனி. நால்வருக்கும் பெட்டி வாங்கத் தேவையில்லை. இருவருக்கு 20 கிலோ வீதம் வாங்கினோம், ஐந்து நாள் துணிக்கு அது தாராளமாகப் போதுமானதாக இருந்தது. டிக்கெட்டோடு சேர்த்தே பெட்டியை வாங்குங்கள். விமான நிலையத்தில் வாங்கினால் விலை பல மடங்கு. வளர்ந்த பிள்ளைகள் தனித்தனியே உட்கார்ந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்பதால் இருக்கைக் கட்டணத்தை முழுவதும் தவிர்த்தோம்.

நள்ளிரவுத் தேதி ஏமாற்றிவிடும். 15ஆம் தேதி 12.20 என்று டிக்கெட்டில் இருந்தால், 14ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி இரவு போய் நின்று விமானத்தைத் தவறவிட்ட குடும்பத்தை எனக்குத் தெரியும். மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

திருச்சி, சென்னை இரண்டிலும் விலையைப் பாருங்கள். ஆனால், டெல்டா மாவட்டத்தில் இருப்பவர்கள் சென்னைக்குப் போய்வரும் நால்வர் ரயில் கட்டணத்தையும் ஒரு நாள் அலைச்சலையும் கூட்டிப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

6. தங்குமிடம்: 'நான்கு பெரியவர்கள்' என்று தேடுங்கள்

பழக்கத்தில் 'இரண்டு பெரியவர், இரண்டு குழந்தை' என்று தேடினால் விலை குறைவாகக் காட்டும். போய் இறங்கியதும் இருபது வயதுப் பிள்ளைகளைப் பார்த்து இன்னொரு அறை எடுக்கச் சொல்வார்கள். ஆரம்பத்திலேயே நான்கு பெரியவர் என்று போட்டுத் தேடுங்கள். இரண்டு அறைகளைவிட, இரண்டு படுக்கையறையும் ஒரு சிறு அடுக்களையும் உள்ள சர்வீஸ் அபார்ட்மென்ட் எங்களுக்கு மலிவாகக் கிடைத்தது: ஓரிரவுக்கு 250 ரிங்கிட் (மலேசிய நாணயம்). காலையில் காப்பியும் மனைவிக்கு மாத்திரை போடும் முன் ஒரு வாய்க் கஞ்சியும் அங்கேயே ஆயிற்று.

இடம் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ். கேஎல் சென்ட்ரல் நிலையம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது; வாழையிலைச் சாப்பாடு, சைவ உணவகங்கள், தமிழ்ப் பேச்சு எல்லாம் அந்தத் தெருக்களிலேயே உண்டு. முன்பதிவு செய்யும் முன் மூன்றைக் கேளுங்கள்: முன்வைப்புத் தொகை எவ்வளவு, எத்தனை மணிக்குச் சாவி தருவார்கள், அதற்கு முன் பெட்டிகளை வைக்க இடம் உண்டா. பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் சாவி தருகிறார்கள். வெளிநாட்டினருக்கு ஓர் அறைக்கு ஓரிரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. இது முன்பதிவு விலையில் சேர்ந்திருக்காமல் அங்கே போய்க் கட்டும்படி இருக்கலாம்.

ஐந்து இரவுக்கு ஒரே ஊரில் தங்குவதே என் பரிந்துரை. பினாங்குக்கும் போக ஆசைப்பட்டோம். பேருந்தில் ஐந்து மணி நேரம், புதிய விடுதி, மறுபடி பெட்டி கட்டுதல் என்று கணக்குப் போட்டு விட்டுவிட்டோம். அதற்குப் பதிலாக, டிபிஎஸ் பேருந்து முனையத்திலிருந்து இரண்டு மணி நேரத்தில் மலாக்கா போய் மாலையே திரும்பினோம்.

7. பணம்: யார் கட்டுவது, எப்படிக் கட்டுவது

இதை வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. பிள்ளைகள் சம்பாதிக்கத் தொடங்கிய வீட்டில் 'நான் கட்டுகிறேன், நீ கட்டாதே' என்ற இழுபறி ஒவ்வொரு உணவக மேசையிலும் நடக்கும். டிக்கெட்டும் தங்குமிடமும் எங்கள் பொறுப்பு, அங்கே ஆகும் சாப்பாடும் போக்குவரத்தும் மகள் பொறுப்பு, கணக்கெழுதுவது மகன் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். அன்றாடச் செலவுக்கு 300 ரிங்கிட் என்று வரம்பு வைத்து, மீந்ததை மறுநாளுக்குக் கொண்டுபோனான் மகன்.

நாங்கள் போனபோது ஒரு ரிங்கிட் 20 ரூபாய்க்குச் சற்று மேல், நாள்தோறும் மாறும். விமான நிலையத்தில் மாற்றினால் நட்டம் அதிகம் என்பதால், ஊரிலேயே உரிமம் பெற்ற நாணய மாற்று நிலையத்தில் பான், பாஸ்போர்ட் நகல் கொடுத்து 1,000 ரிங்கிட் வாங்கிக்கொண்டோம். மீதிக்கு வங்கி அட்டை. அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு இயல்பாக மூடியே இருக்கும். வங்கிச் செயலியில் நீங்களே திறக்க வேண்டும். கடையில் அட்டையைத் தேய்க்கும்போது 'ரூபாயிலா ரிங்கிட்டிலா' என்று கேட்டால் ரிங்கிட் என்றே சொல்லுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்த மாற்று விலையில் கூடுதலாகப் போகும். ஓடிபி வருவதற்கு இந்திய சிம்மில் ரோமிங்கை ஊரிலேயே இயக்கிவிட்டு வாருங்கள். இணையத்துக்கு அங்கே இரண்டு உள்ளூர் சிம் போதும்.

மொத்தமாக முகவரிடம் சுற்றுலாத் தொகுப்பு வாங்கினால் அதன்மேல் டிசிஎஸ் என்ற வரியைப் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம். ஆகவே, கணக்குத் தாக்கல் செய்கிறவரின் பான் எண்ணைக் கொடுங்கள். தொகுப்பாக வாங்காமல் டிக்கெட், தங்குமிடம் என்று தனித்தனியாகப் பதிவு செய்ததில் இந்தச் சுமை எங்களுக்கு வரவில்லை.

கடைவீதிச் செலவு நீங்கலாக எங்களுக்கு ஆனது சுமார் 1,42,000 ரூபாய். இதில் விமான டிக்கெட் 68,000, பெட்டிகள் 10,000, தங்குமிடம் 27,000, சாப்பாடு 18,000, உள்ளூர்ப் போக்குவரத்து 12,000. காப்பீடு, சிம், தட்கால் முதலியவை மீதி. காப்பீட்டை மட்டும் மிச்சப்படுத்த நினைக்காதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் குறிப்பிட்டு எடுங்கள். மறைத்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். மருந்துகளை மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள்.

8. புறப்படும் நாள்: ஒவ்வொருவர் கையிலும் ஒரு கோப்பு

எல்லாத் தாள்களையும் நான் ஒரே கோப்பில் வைத்திருந்தேன். ஊரிலிருந்து புறப்படும்போது குடிநுழைவு வரிசையில் மகன் வேறு சாளரத்துக்குப் போய்விட்டான். அங்கிருந்த அதிகாரி அவனிடம் எங்கே தங்குகிறாய், எப்போது திரும்புகிறாய், அங்கே வேலை ஏதும் பார்க்கப் போகிறாயா என்று கேட்டார். விடுதியின் பெயர் அவனுக்குத் தெரியவில்லை. என்னைக் கை காட்டினான். நானோ கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டிருந்தேன். சுற்றுலா என்று சொல்லிப் போய் வேலையில் சிக்கித் தவிக்கும் இளைஞர்கள் நம் மாவட்டங்களிலிருந்து பலர் இருப்பதால் அவர் கேட்டது நியாயமே. ஆனால், அந்தப் பத்து நிமிடம் என் மனைவியின் முகத்தில் இருந்த கலக்கத்தை நான் மறக்கவில்லை.

ஆளுக்கொரு பிளாஸ்டிக் உறையில் பாஸ்போர்ட் நகல், போக வர டிக்கெட், தங்குமிட உறுதிச்சீட்டு, எம்டிஏசி, காப்பீடு, கல்லூரி அல்லது அலுவலக அடையாள அட்டை ஆகியவற்றை வைத்துக் கொடுங்கள். விடுதியின் பெயரையும் திரும்பும் தேதியையும் நால்வரும் வாயால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

நகைகளை வீட்டிலேயே விட்டுவிடுவது உத்தமம். அணிந்துதான் போக வேண்டும் என்றால் புறப்படும்போதே சுங்கத்துறையில் காட்டிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். 'என் அண்ணன் வந்து வாங்கிக்கொள்வார்' என்று யாராவது ஒரு பொட்டலத்தை நீட்டினால், எவ்வளவு இரக்கமாக இருந்தாலும் வாங்காதீர்கள். போதைப்பொருள் குற்றத்துக்கு மலேசியச் சட்டத்தில் மரண தண்டனை வரை இடம் உண்டு.

9. இறங்கிய பின்

விமான நிலையத்திலிருந்து நகருக்குப் போகும் விரைவு ரயிலுக்கு ஆளுக்கு 55 ரிங்கிட், நால்வருக்கு 220. செயலியில் அழைக்கும் வாடகை வண்டியான கிராப் கார் 90 ரிங்கிட்டுக்கு எங்களை வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டது. தனியாகப் போகிறவருக்கு எழுதிய குறிப்புகளை வளர்ந்த பிள்ளைகள் உள்ள குடும்பம் அப்படியே பின்பற்றக் கூடாது என்பதற்கு இது ஓர் உதாரணம். நகருக்குள்ளும் குறைந்த தூரத்துக்கு நான்கு ரயில் சீட்டைவிட ஒரு கிராப் பெரும்பாலும் மலிவாகவே வரும். பெட்டிகளோடு இருந்தால் ஆறு இருக்கை வண்டியைக் கேளுங்கள்.

பத்துமலைக்கு கேஎல் சென்ட்ரலிலிருந்து கேடிஎம் ரயில் சில ரிங்கிட்டில் நேரே கொண்டுபோய் விடுகிறது. காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். 272 படிகளையும் வெயில் ஏறும் முன் ஏறிவிடலாம். அரைக்கால் சட்டை வேண்டாம். கையில் பழமோ நெகிழிப் பையோ இருந்தால் குரங்குகள் பறித்துவிடும். இரட்டைக் கோபுரத்தின் மேலே ஏற ஆளுக்கு ஏறத்தாழ 100 ரிங்கிட். நால்வர் என்றால் 400. நாங்கள் மேலே ஏறவில்லை. மாலை விளக்கு போடும் நேரத்தில் கீழே உள்ள பூங்காவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், செலவில்லாமல்.

ஒரு பிற்பகலைப் பிள்ளைகளுக்கென்று விட்டுவிடுங்கள். அவர்கள் இருவரும் தனியே கடைவீதிக்குப் போனார்கள். நாங்கள் இருவரும் படுத்து ஓய்வெடுத்தோம். இரவு சாப்பாட்டுக்குக் கூடியபோது நால்வருக்கும் சொல்ல ஏதோ இருந்தது.

திரும்பும் விமானம் இரவில் வந்து இறங்குவதானால், பிள்ளைகள் மறுநாளே வேலைக்கும் கல்லூரிக்கும் போகும்படி திட்டமிடாதீர்கள். ஒரு நாள் விடுப்பைச் சேர்த்து வாங்கச் சொல்லுங்கள். எங்கள் மகள் திருச்சியில் இறங்கிய அன்று இரவே பெங்களூர் பேருந்துக்கு முன்பதிவு செய்திருந்தாள். விமானம் ஒன்றேகால் மணி நேரம் தாமதமாக வந்ததில் அந்தப் பேருந்தும் போயிற்று, 1,100 ரூபாயும் போயிற்று.